புல் தெரிந்த குல்மார்க்

2024 போகியன்று காலை, பனி பார்க்கக் காஷ்மீர் போகவிருந்த எங்கள் டூர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. காய்ந்த புல்வெளி, நடுவில் நாலைந்து குதிரைகள், பின்னால் வரிசையாக ஊசியிலை மரங்கள். கீழே ஒரே வரி: "இதுதான் இப்போ குல்மார்க்." கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கக் கிளம்பியிருந்த குடும்பங்கள் அப்படியே வாசலில் நின்றுவிட்டன. பழைய படமாக இருக்கும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். பத்து நிமிஷத்தில் இன்னொருவர் செய்தியையே தேடி எடுத்துப் போட்டார். குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறண்டு பார்த்ததே இல்லை என்று உமர் அப்துல்லா படத்தோடு எழுதியிருந்தார். அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்தவரே சொன்ன பிறகு சமாதானத்துக்கு இடமில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் குழு மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி, "பிப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்கோ" என்றது. இன்னொன்று, "சிம்லா, மணாலிக்கு மாத்துங்க சார்" என்றது. அந்த ஜனவரியில் சிம்லாவிலும் மணாலியிலும் இதே கதை என்பதை டூர் மேனேஜர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கவேண்டியிருந்தது. மூன்றாவது கட்சி ரத்து. பணம் திரும்ப வராது என்றதும் அது கலைந்தது. சுற்றுலாப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் உலகம் முழுக்கப் பனிச்சறுக்குப் பயணிகளிடம் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்: நாளை மாற்றுவது, இடத்தை மாற்றுவது, விளையாட்டையே மாற்றுவது. சித்திரை வீதி மாமி ஒருவர்தான் எதிலும் சேரவில்லை. "பெருமாள் பனி குடுத்தா பார்ப்போம், இல்லேன்னா மலையைப் பார்த்துட்டு வருவோம். அதுக்கு என்ன இப்போ?" என்று குரல் பதிவு அனுப்பினார். அதோடு விவாதம் முடிந்தது.

திருச்சிக்காரர்களுக்குப் பனி மேல் இத்தனை ஆசை ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஜனவரி விடியற்காலையில் எங்கள் ஊரில் இருபது டிகிரி. அதற்கே குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் வந்துவிடும். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் வெயில். சித்திரையில் மலைக்கோட்டைப் படிகளில் வெறுங்காலோடு ஏறியவர்களுக்கு அது புரியும். பனியைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் சினிமா சொன்னது. 1961-ல் ஸ்ரீதர் 'தேன்நிலவு' படத்தைக் காஷ்மீருக்கே போய் எடுத்தார். 1992-ல் மணிரத்னம் 'ரோஜா' எடுத்தபோது காஷ்மீரில் காமிராவை இறக்க முடியாத நிலைமை. மணாலியைக் காஷ்மீராகக் காட்டினார்கள். ஒரு தலைமுறைத் தமிழர்கள் காஷ்மீர்ப் பனி என்று உருகியது இமாசலப் பனியைப் பார்த்துத்தான். ஆசைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

அந்த மாதம் 20-ம் தேதி பிரதமர் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்துபோனார். வீதிகளில் போட்டிருந்த தடுப்புகளை அவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்த சமயத்தில் நாங்கள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினோம். சென்னை, தில்லி, ஸ்ரீநகர். கூடவே ஒரு சமையல்காரர், புளிக்காய்ச்சல் டப்பாக்கள், இரண்டு சிலிண்டருக்கான முன்னேற்பாடு. தமிழ்நாட்டு டூர் என்றால் சாம்பார் முதலில், மலை பிறகு. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். ஸ்ரீநகரின் மைனஸ் குளிரில் ராத்திரி எட்டு மணிக்கு மிளகு ரசம் குடித்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள்.

ஸ்ரீநகரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தூசி. வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் நீலமாக இருந்தது. டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள், பெருங்குளிர்க் காலம். பனி மூட்டை மூட்டையாகக் கொட்டவேண்டிய நாள்கள் அவை. அதற்குப் பிறகு இருபது நாள் சில்லை குர்த், இன்னும் பத்து நாள் சில்லை பச்சா. குளிர் படிப்படியாகச் சிறுத்துப் போகும். நாங்கள் போனது பெருங்குளிரின் கடைசிப் பத்தில். பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம். ராத்திரி மட்டும் எலும்புக்குள் இறங்கும் குளிர். மேகம் போர்த்தாத வானத்தில் சூடு தங்காது, அதனால்தான் இந்த ராத்திரிக் குளிர் என்றார் ஓட்டுநர். ஃபிரன் என்ற முழங்கால்வரை தொங்கும் அங்கிக்குள் காங்கிரியை, அதாவது பிரம்புக் கூடைக்குள் வைத்த கரிநெருப்புச் சட்டியை, அணைத்துக்கொண்டே பேசினார்.

ஜீலம் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தோம். கரையோரம் சேறு வெளியே தெரிந்தது, படித்துறையின் கீழ்ப்படிகள் காய்ந்து கிடந்தன. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர் சொன்னது: "நம்ம காவேரியும் இப்ப இப்படித்தானே கெடக்கு." உண்மைதான். முறையாக ஜனவரி 28 வரை திறந்திருக்கவேண்டிய மேட்டூர் அணையை 2023-ல் தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் வறண்ட ஆற்றைத்தான் பார்க்கக் கிடைத்தது.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். மலையடிவாரத்தில் டங்மார்க். மற்ற வருஷங்களில் இங்கே வண்டிகளை நிறுத்தி டயருக்குச் சங்கிலி கட்டினால்தான் மேலே விடுவார்கள். மேலே பதின்மூன்று கிலோமீட்டரும் பனி வழுக்கும் பாதை. சங்கிலி கட்டுவதற்கென்றே ஆட்கள் உண்டு. அன்று சங்கிலிகள் கடை வாசலில் துருவேறிக் குவிந்துகிடந்தன, ஆட்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பூட்ஸும் கோட்டும் வாடகைக்குத் தரும் கடைக்காரர் மட்டும் எங்களை விடவில்லை. மேலே பனி இருக்கிறதா என்று கேட்டேன். "மேலே, ரொம்ப மேலே இருக்கு" என்று கையை வானத்துக்குக் காட்டினார். ரப்பர் பூட்ஸுக்குள் முந்தைய ஆளின் கம்பளிச் சாக்ஸ் நாற்றம் இருந்தது. கோட்டின் கழுத்தில் ஒட்டிப்போன பொய் ரோமம். ஒரு மாமா, "புல்லுல நடக்க எதுக்குய்யா பூட்ஸ்?" என்று வாதாடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவரும் எடுத்துக்கொண்டார். போட்டோவுக்கு வேண்டுமே.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. உயரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு டிகிரியில் இருக்கிறது, குல்மார்க் முப்பத்துநாலில். ஒன்றில் உறைபனியோடு நின்றுபோகும் விஷயம் மற்றதில் ஆளுயரப் பனியாகக் கொட்டுவதற்கு அந்த வித்தியாசம் போதும். அன்று குல்மார்க்கும் தொட்டபெட்டா மாதிரியேதான் இருந்தது. கிண்ணம்போல் மலைகள் சூழ்ந்த புல்வெளி முழுக்கப் பழுப்பு. நடுமேட்டில் 1915-ல் கட்டிய மகாராணி கோயில், 'ஆப் கி கசம்' பாட்டால் நாடறிந்தது, வெயிலில் சிவப்புக் கூரை மின்ன நின்றது. ஐந்து மாதம் கழித்து அந்தக் கோயில் தீயில் எரிந்துபோனது. நாங்கள் பார்த்தது பழைய மரக்கட்டடத்தின் கடைசிக் குளிர்காலத்தை.

பனி இல்லாத பனித்தலத்தில் சுற்றுலாப் பயணி என்ன செய்கிறான் என்பதை அன்று நாள் முழுக்கப் பார்த்தேன். அதுவே ஒரு காட்சி. குஜராத்திலிருந்து வந்த ஒரு பெரிய கூட்டம் புல்வெளியில் பாயை விரித்து டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிட்டது. பனியில் ஓட்டும் நாலுசக்கர பைக்குகளை இளைஞர்கள் மண்ணில் ஓட்டிப் புழுதி கிளப்பினார்கள். புது ஜோடி ஒன்று, பனிக்காக வாங்கிய சிவப்புச் சேலையில், காய்ந்த புல்லில் நின்று மேல்நோக்கி எதையோ வாரி இறைப்பதுபோல் பாவனை செய்து வீடியோ எடுத்தது. பின்னால் பனியைக் கணினியில் சேர்த்துக்கொள்வார்களாம். பைன் மர நிழலில் ஓரிடத்தில் எப்போதோ டிசம்பரில் விழுந்த பனி, மண்ணும் ஊசியிலையும் கலந்து, கல்யாண வீட்டு ஜமக்காளம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. அதன்மேல் நிற்க வரிசை. பெங்களூர்க்காரர் ஒருவர் தன் குழந்தையை அதன்மேல் உட்காரவைத்து, சுற்றி இருக்கும் புல் தெரியாதபடி குனிந்து, படுத்து, கோணம் பார்த்தார். அந்தப் படத்தை ஊரில் பார்ப்பவர்கள் குல்மார்க்கில் பனி கொட்டுகிறது என்றுதான் நினைப்பார்கள். நினைத்து அவர்களும் டிக்கெட் போடுவார்கள்.

ஸ்லெட்ஜ்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஸ்லெட்ஜ் என்பது அடியில் இரும்புப் பட்டை வைத்த சின்ன மரப்பலகை. பயணி அதில் காலை நீட்டி உட்கார, கயிறு கட்டி ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடுவார். எஞ்சின் கிடையாது, மாடு கிடையாது, மனிதனின் மூச்சுதான். "அண்ணா, வாங்க அண்ணா" என்று தமிழிலேயே கூப்பிட்டார் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து எத்தனை கூட்டம் வந்துபோகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இழுக்கத்தான் பனி இல்லை. பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கொண்டோலாவுக்கு வருவோம். இரண்டு கட்டமாக மலையேறும் கம்பிவட ஊர்தி. முதல் கட்டம் 1998-ல் ஓடத் தொடங்கியது, குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரை. இரண்டாவது 2005-ல், அங்கிருந்து அஃபர்வட் மலைத்தோள்வரை, 3,900 மீட்டருக்கும் மேலே. பிரெஞ்சுத் தொழில்நுட்பம், ஆறு பேர் உட்காரும் கூண்டு. 2023-ல் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் இதில் ஏறினார்கள். எங்கள் பொன்மலைக்காரருக்கு மலையைவிடக் கம்பிவடத்தின் மேல்தான் கண். கூண்டு தூணைக் கடக்கும்போது சக்கர வரிசை தடதடக்கும். ஒவ்வொரு தடவையும் தலையை வெளியே நீட்டாத குறையாக எண்ணிப் பார்த்து, "கிரீஸ் நல்லா போட்டிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார். அதன் பிறகுதான் மாமி கண்ணைத் திறந்தார்.

கொங்டூரியிலும் புல்தான், ஓரங்களில் வெள்ளைத் திட்டுகள். இரண்டாவது கட்டக் கூண்டு மரங்கள் முடியும் எல்லையைத் தாண்டி மேலே போகப் போக மலையின் நிறம் மாறியது. பழுப்பு, பிறகு வரிவரியாக வெள்ளை, பிறகு முழு வெள்ளை. கூண்டுக்குள் பேச்சு நின்றுபோனது. கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. மூச்சு இழுத்தால் பாதிதான் உள்ளே போகிற மாதிரி இருந்தது. பத்தடி நடந்து நின்று, இன்னும் பத்தடி நடந்தேன்.

பனியைக் கையால் தொடுவதற்கு முன்னால் அதன் சத்தம் கேட்கிறது. பூட்ஸுக்கு அடியில் உப்பு மூட்டையை மிதித்தாற்போல நறநறவென்று ஒரு ஒலி. குனிந்து அள்ளினேன். பஞ்சுபோல் இருக்கும் என்று சினிமா சொல்லியிருந்தது. இது பல வாரங்களுக்கு முந்தைய பனி, பகல் வெயிலில் இளகி ராத்திரியில் இறுகி, மேலே கண்ணாடி ஓடு கட்டியிருந்தது. ஓட்டை உடைத்தால் உள்ளே மணி மணியாக, கல்லுப்பு அளவில் பரல்கள். ஒவ்வொன்றும் வெயிலில் தனித்தனியாக மின்னியது. விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன். உள்ளங்கையில் தண்ணீராகி மணிக்கட்டு வழியாக ஸ்வெட்டருக்குள் ஓடியது. அறுபதைத் தொடும் வயதில் முதல் பனி. மாமி பக்கத்தில் நின்று ஒரு பரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ருசியே இல்லையே" என்றார்.

வடக்கே வெகுதூரத்தில், மற்ற மலைகளுக்கெல்லாம் மேலே, ஒரு பெரிய வெண்சுவர் தனியாக நின்றது. நங்க பர்வதம், 8,126 மீட்டர். பனி கொட்டும் நல்ல குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு மேகம் இதை மறைத்துவிடும். வானம் வறண்டதால் எங்களுக்கு இது கிடைத்தது. ஒரு மலையேறியின் வாழ்நாள் கனவை நாங்கள் தயிர்சாதப் பொட்டலத்தோடு நின்று பார்த்தோம். பார்த்தது போதாது என்ற எண்ணம் இன்றுவரை இருக்கிறது.

அங்கேயே பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து ஒரு வெளிநாட்டுக்காரர் நின்றார். அஃபர்வட்டின் தூள்பனி உலகப் பிரசித்தம், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. சரிவில் பாறை நீட்டிக்கொண்டிருப்பதால் இறங்கமுடியவில்லை என்றார். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு ஜப்பானுக்குப் போய்விடுவாராம். சாதாரணமாகத்தான் சொன்னார். பணமும் நாளும் இருப்பவருக்குப் பனி எங்கே விழுகிறதோ அங்கே ஊர்.

ஏன் விழவில்லை? காஷ்மீரின் குளிர்காலப் பனிக்கு மூலம் இந்தியாவில் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் காற்றுச் சுழல்களை வானிலைக்காரர்கள் மேற்கத்தியக் கலக்கம் என்கிறார்கள். நமக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அவை பலமாக வரவில்லை. அந்த ஆண்டு எல் நினோவும் சேர்ந்துகொண்டது. ஒரு வருஷம் பொய்ப்பது எப்போதும் நடப்பதுதான், பெரியவர்கள் பழைய வறட்டுக் குளிர்காலங்களையும் சொல்வார்கள். மாறியிருப்பது அடியில் உள்ள வெப்பம். காற்று சூடாக இருந்தால் வருகிற ஈரமும் குல்மார்க் உயரத்தில் மழையாகவே விழும். பிப்ரவரி, மார்ச்சில் தாமதமாகக் கொட்டும் பனி வெயில் ஏறியதும் ஓடிவிடும். சில்லை கலானில் விழும் பனிதான் இறுகி, கோடைவரை தங்கி, ஊற்றையும் ஆற்றையும் ஆப்பிள் தோட்டத்தையும் காப்பாற்றும். சுற்றுலாப் பயணிக்கு ஜனவரிப் பனியும் மார்ச் பனியும் ஒன்று. விவசாயிக்கு அல்ல.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊர் திரும்பிய பிறகு படித்துப் பார்த்தேன். பொலிவியாவில் சக்கால்தயா என்ற பனியாறு, ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான பனிச்சறுக்குத் தலம், 2009-ல் முற்றிலும் மறைந்தது. பிரான்சில் லூஷோன் பக்கத்துத் தலம் ஒன்றுக்கு 2020 பிப்ரவரியில் மேலிருந்து பனியை ஹெலிகாப்டரில் அள்ளிவந்து கொட்டினார்கள், ஊரே திட்டியது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய முழுப் பனியும் இயந்திரப் பனி. ஐரோப்பாவின் 2,234 தலங்களை எடுத்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, புவி 2 டிகிரி சூடானால் இயற்கைப் பனியை மட்டும் நம்பும் நிலையில் 53 சதவீதம் கடும் பற்றாக்குறை அபாயத்துக்கு ஆளாகும் என்கிறது. நம் நாட்டுப் பனித்தலமான ஔலியிலும் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பனி செய்யும் இயந்திரங்கள் வாங்கினார்கள். ஆனால் இயந்திரத்துக்கும் தண்ணீர் வேண்டும், உறைநிலைக்குக் கீழே குளிரும் வேண்டும். குளிரே வராத வருஷத்தில் அது வெறும் பம்ப்.

இயந்திரப் பனியைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம்தான் கண்முன் வந்தது. ஆடிப் பதினெட்டுக்குத் திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஜனம் திரண்டு காவிரிப் படித்துறைக்கு வரும். புதுத் தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் பெண்கள், முளைப்பாரி, காதோலை கருகமணி, சித்ரான்னம். ஸ்ரீரங்கம் கோயில் உற்சவரான நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, பட்டுப்புடவையும் மாலையும் தாம்பூலமுமாகக் காவிரித் தாய்க்குச் சீர் கொடுப்பார், யானைமேல் வரும் அந்தச் சீர். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் என்ன ஆகும்? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து, படித்துறையிலேயே வரிசையாக ஷவர் பொருத்திவிடுவார்கள். ஜனம் மணலைப் பார்த்துக்கொண்டே ஷவரில் குளித்துவிட்டு, சரடு மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கென்றே மேட்டூரில் கொஞ்சம் தண்ணீர் திறந்துவிடுவதும் உண்டு. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய கூத்தாகப் பட்டிருக்கிறது. குல்மார்க்கைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

காரணம், ஆடிப்பெருக்குக்கு வருகிறவள் தண்ணீர் இல்லை என்று தெரிந்தும் வருகிறாள். அவளுக்கு இன்னொரு ஆறு தேவையில்லை, இன்னொரு நாளும் தேவையில்லை. அதனால் படித்துறையில் பூ விற்கிறவளுக்கும், தேங்காய்க் கடைக்காரனுக்கும், சங்கல்பம் செய்துவைக்கும் சாஸ்திரிகளுக்கும் வறண்ட ஆடியிலும் கொஞ்சம் வரும்படி உண்டு. குல்மார்க்குக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. பனியை வாங்க வந்தவர்கள் நாங்கள். சரக்கு இல்லை என்றதும் அடுத்த கடையைப் பார்க்கிறோம். நாளை மாற்றலாம், ஊரை மாற்றலாம், ரத்து செய்யலாம். ஸ்லெட்ஜ்காரருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. இது எனக்கு முன்னால் தோன்றாத விஷயம். சுற்றுலா நடக்கும் இடத்தில் விருந்தாளியின் மனம் எவ்வளவு எளிதாகத் திரும்புகிறதோ அவ்வளவுக்கு அந்த ஊர் வயிறு ஆடுகிறது.

இறங்கி வந்ததும் "அண்ணா" என்று கூப்பிட்டவரிடம் டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். ஊர் டங்மார்க் பக்கம் ஒரு கிராமம். டிசம்பரிலிருந்து மார்ச்வரை ஸ்லெட்ஜ், கோடையில் குதிரை. குளிர்காலக் கூலியில்தான் வருஷத்துக்கு அரிசியும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும். "இந்த மாசம் எத்தனை பேரை இழுத்தீங்க?" என்றேன். கையை விரித்துக் காட்டினார். மசூதியில் மழைக்கும் பனிக்குமான சிறப்புத் தொழுகை நடக்கிறது, இந்த வெள்ளிக்கிழமையும் உண்டு என்றார். அந்த ஜனவரியில் பள்ளத்தாக்கு முழுக்க அந்தத் தொழுகை நடந்தது. எங்கள் ஊரிலும் மழை பொய்த்தால் கோயிலில் வருண ஜபம் செய்வோம் என்று சொன்னேன். ஓட்டுநர் அதைக் காஷ்மீரியில் மொழிபெயர்த்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அதற்குள் எங்கள் கூட்டத்துக் குழந்தை ஒன்று ஸ்லெட்ஜில் உட்கார்ந்தே தீருவேன் என்று அழ, அவர் எழுந்து அதைப் பலகையில் உட்காரவைத்து, அந்த ஜமக்காளம் அளவுப் பனியில் முன்னும் பின்னுமாக நாலு தரம் இழுத்தார். பணம் வாங்க மறுத்தார். "இது ஸ்லெட்ஜே இல்லை" என்றார். பொன்மலைக்காரர் வற்புறுத்திச் சட்டைப்பையில் திணித்தார்.

ஊர் ஊராகத் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள். குல்மார்க்கில் 2021-லும் 2022-லும் பனியாலேயே கட்டிய இக்ளூ வடிவ உணவகம் பெரும் பேர் வாங்கியது, இரண்டாவது 37 அடிக்கு மேல் உயரம். 2023-ல் கண்ணாடியால் செய்த இக்ளூ வந்துவிட்டது. கண்ணாடி உருகாது. கோடைப் பூக்கள், ஸ்ரீநகரின் மார்ச் இறுதித் துலிப் தோட்டம், குளிர்கால விடியலில் மட்டும் விற்கும் ஹரீசா என்ற இறைச்சிப் பதார்த்தம் (நாங்கள் பார்த்ததோடு சரி) என்று பனியல்லாத காஷ்மீரை விற்கவும் முயற்சி நடக்கிறது. நல்லதுதான். ஆனால் ஜனவரியில் மெத்தென்ற வெள்ளையைக் கேட்டு வருகிறவனுக்குத் துலிப் படத்தைக் காட்டி என்ன பயன்?

நாங்கள் திரும்பிய சில நாளில், ஜனவரிக் கடைசியில், குல்மார்க்கில் பனி கொட்டத் தொடங்கியது. ஓட்டுநர் வீடியோ அனுப்பினார், டங்மார்க்கில் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில், பிப்ரவரிக்குத் தள்ளச் சொன்ன கட்சி இன்றுவரை மேனேஜரை மன்னிக்கவில்லை. பிப்ரவரி 21 முதல் 25 வரை கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு அங்கே நடந்தது. அதே வாரம், 22-ம் தேதி, மேல் சரிவில் பனி சரிந்து ஒரு ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் இறந்தார். வராமல் இருந்து, பிறகு ஒரேயடியாக வரும் பனிக்கு இந்த ஆபத்தும் உண்டு. அடுத்த குளிர்காலமும் தப்பவில்லை. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் விளையாட்டைத் தள்ளிவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அந்தப் பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று, மொகலாயர் தோட்டத்துக்கு உயிரானது, வற்றிப்போனது. ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு பனி இருந்தும் இல்லாமலும் ஒன்றான நிலைமை, குதிரைக்காரர்களுக்கும் ஸ்லெட்ஜ்காரர்களுக்கும்.

விமானத்தில் எண்ணெய் எரித்துக்கொண்டு போய், பனி எங்கே போனது என்று கேட்பதில் உள்ள முரண் எனக்கும் தெரிகிறது. இப்போது கட்ராவிலிருந்து ஸ்ரீநகர்வரை ரயில் ஓடுகிறது, 2025 ஜூனிலிருந்து. நேரம் உள்ளவர்கள் அதில் போகலாம். செனாப் பாலத்தையும் பார்த்தாற்போல் ஆகும். பனி மட்டும்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி இரண்டாம் பாதி இப்போதைக்கு ஓரளவு நம்பலாம். கொண்டோலாவின் இரண்டாவது கட்டத்துக்கு ஆன்லைனில் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள், அங்கே போய் வாங்கமுடியாது. போவதற்கு முந்தின வாரம் பழுப்புப் படம் வந்தால் ரத்து செய்யாதீர்கள். மேகம் இல்லாத குளிர்காலத்தில் நங்க பர்வதம் தெரியும். புல் தெரிகிற வருஷத்தில் போகிறவர்கள் ஸ்லெட்ஜ்காரர் கேட்கும் கூலியில் பேரம் பேசவேண்டாம்.